தம்பி கடையில் பால் காய்ச்சியது

பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு தெரு இருக்கிறது. அதில் ஐந்து பார்கள், ஒரு பெயிண்ட் கடை, ஒரு பல் ஆஸ்பத்திரி. தூத்துக்குடியில் யாராவது "பல்லு காட்டப் போனேன்" என்று சொன்னால், கேட்பவர் ஒரு நிமிடம் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார். எங்கள் அப்பாவின் கருப்பட்டிக் கடை அதற்கு அடுத்த தெருவில். வீட்டிலிருந்து இந்த வழியாக நடந்தால் ஐந்து நிமிடம். அப்பா நாற்பது வருடமாக மீன் மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு பதினைந்து நிமிடம் நடந்து போகிறார். மீன் வாடை அவருக்குச் சுத்தமாக ஆகாது. அப்படியும் அந்த வழிதான்.

என் தம்பி கடை பிடித்தது அந்த பார் தெருவில்.

தம்பி பெங்களூரில் ஒன்பது வருடம் பீர் காய்ச்சினான். இதை இப்படி நேராக எழுத எனக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது. வீட்டில் அதற்குப் பெயர் 'சர்பத் கம்பெனி'. பெயர் வைத்தது அப்பா. சொந்தக்காரர்கள் கேட்டால் "சர்பத் கம்பெனியில இருக்கான்" என்பார். அதற்கு மேல் கேட்டால் மழை எப்போது வரும் என்று பேச ஆரம்பித்துவிடுவார். ஒருநாள் குடும்ப வாட்ஸாப் குழுவில் யாரோ ஒரு படத்தைப் போட்டார்கள். தம்பி ஏப்ரன் கட்டிக்கொண்டு, நுரை தளும்பும் கண்ணாடிக் கோப்பை ஒன்றைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தான். கீழே வரிசையாக எல்லோரும் 'வாழ்த்துகள்' என்று எழுதியிருந்தார்கள். அப்பா குழுவிலிருந்து வெளியேறினார். தம்பியோடு பேசுவதையும் அன்றோடு நிறுத்திவிட்டார்.

போன வருடம் அம்மா போனபோது வந்த தம்பி, காரியம் முடிந்தும் திரும்பிப் போகவில்லை. நான், அப்பா, தம்பி என்று மூன்று பேர் ஒரே வீட்டில். எனக்கு ஹார்பர் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. ஒரு ஆபீஸ் பேப்பரை இன்னொரு ஆபீஸில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அதன் சாரம். வீட்டுக்கு வந்தாலும் அதே வேலை காத்திருக்கும்.

"உன் தம்பிகிட்ட மோட்டாரை நிறுத்தச் சொல்லு" என்பார் அப்பா. தம்பி மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருப்பான்.

"எக்கா, நிறுத்திட்டேன்னு சொல்லு" என்பான் அவன்.

நான் இரண்டு பக்கமும் திரும்பிச் சொல்வேன். சொல்லாவிட்டால் காரியம் நடக்காது. தொட்டி நிரம்பி மாடியிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தாலும் இருவரும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இரண்டு பேரையும் மோட்டார் ரூமில் வைத்துப் பூட்டியிருக்க வேண்டும்.

தம்பியின் திட்டம் இதுதான். பீர் காய்ச்சி விற்க இங்கே லைசென்ஸ் கிடைக்காது. அதனால் கருப்பட்டியும் இஞ்சியும் சேர்த்து, பீர் மாதிரியே காய்ச்சி, ஈஸ்ட் போட்டு, நுரை வரும் பதத்தில் நிறுத்தி, குழாயில் பிடித்து, பீர் கோப்பையிலேயே கொடுப்பது. போதை இருக்காது. போர்டில் 'கிராஃப்ட் ப்ரூ பப்' என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தான். 'போதை இல்லை' என்பதை விசிட்டிங் கார்டு எழுத்தில் எழுதியிருந்தான். ஏன் இந்தத் தெரு என்று கேட்டேன். "தாகம் எடுத்தவன்லாம் அங்கனதானக்கா வாரான்" என்றான். வாடகையும் குறைவு. அந்தத் தெருவில் குடும்பஸ்தன் எவன் கடை கேட்பான்?

எங்கள் வகையில் புதுக் கடை என்றால் முதலில் பால் காய்ச்ச வேண்டும். வீட்டுப் பெரியவர் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தால் வியாபாரமும் பொங்கும். நாள் குறித்த அன்று தம்பி என்னை மொட்டைமாடிக்குக் கூப்பிட்டான்.

"எக்கா, அப்பா வந்து அடுப்பு பத்த வைக்கணும். வரலன்னா சாமானையெல்லாம் ஏத்திட்டு பெங்களூருக்கே போயிருவேன். அவரு கால் படாத தெருவுல நான் எதுக்குக் கடை வைக்கணும்?"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. பழைய கம்பெனி மறுபடி கூப்பிட்டிருந்தது. அவன் போய்விட்டால் அந்த வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். சொல்லி அனுப்பக்கூட ஆள் இருக்காது. கீழே இறங்கி வந்து அப்பாவிடம் தகவலைச் சொன்னேன். "கட்டாயம் நீங்கதான் வரணுமாம்" என்று என் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன்.

"பாப்போம்" என்றார் அப்பா.

எங்கள் வீட்டில் 'பாப்போம்' என்றால் மாட்டேன் என்று அர்த்தம். என் கல்யாணப் பேச்சு கூட ஒரு 'பாப்போ'மில்தான் முடிந்தது.

பால் காய்ச்சும் நாளில் காலை ஆறிலிருந்து ஏழரை வரை நல்ல நேரம். அப்பாவின் அக்கா, அதாவது எங்கள் அத்தை, விளாத்திகுளத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும் அத்தைதான் நடத்துவாள். கூப்பிடாவிட்டாலும் நடத்துவாள். கையில் ஐந்து லிட்டர் பசும்பால். கடைக்குள் வந்து நாலு சுவரையும் பார்த்துவிட்டு, "ஏளா, பானை எங்க?" என்று என்னைக் கேட்டாள்.

பானை வீட்டில் இருந்தது. புதுப் பானை, மஞ்சள் கட்டி, அடுப்பங்கரை மேடையிலேயே இருந்தது. கிளம்பும் நேரத்தில் தம்பியிடமிருந்து அப்பாவுக்கு ஒரு தகவல், அப்பாவிடமிருந்து தம்பிக்கு ஒரு 'பாப்போம்' என்று நான் நடந்துகொண்டிருந்ததில் பானையை விட்டுவிட்டேன். தம்பியும் கடையில் இல்லை. "இந்தத் தடவ நானே போய்க் கூப்பிடுதேன்" என்று அப்பாவைத் தேடிப் போயிருந்தான்.

கடை நடுவில் தம்பியின் கொப்பரை நின்றது. முந்நூறு லிட்டர் பிடிக்கும் ஸ்டீல் பாத்திரம், நெஞ்சு உயரம், கீழே பெரிய கேஸ் அடுப்பு. பெங்களூரிலிருந்து லாரியில் வந்தது. அதை அவன் மூன்று நாள் மருந்து போட்டுக் கழுவி, வாயை மூடி, "எக்கா, யாரையும் தொட விட்டுராத" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"அத்தை, அதைத் தொடக்கூடாதாம்" என்றேன்.

"ஏளா, பாத்திரம் எதுக்கு இருக்கு?" என்றாள் அத்தை. மூடியைத் திறந்து பாலை ஊற்றினாள். அப்பாவுக்கு மூத்தவள் என்ற உரிமையில் அடுப்பையும் அவளே பற்றவைத்தாள்.

ஐந்து லிட்டர் பால் அந்தக் கொப்பரையின் அடியில் வெள்ளையடித்த மாதிரி படர்ந்தது. கொதித்தது. ஆனால் பொங்கி வழிய அது நெஞ்சு உயரம் ஏற வேண்டும். அத்தை எட்டிப் பார்த்தாள். பால் குறைச்சல் என்றாள். நான் முக்குக் கடையில் பத்து லிட்டர் பாக்கெட் வாங்கி வந்தேன். ஊற்றினோம், போதவில்லை. டீக்கடைக்காரர் பதினைந்து லிட்டர் கொடுத்தார். அதற்குள் எதிர் பார்களில் தரை கழுவிக்கொண்டிருந்தவர்கள் துடைப்பத்தோடு வந்து நின்றுவிட்டார்கள். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் பைக்கில் பால் தேடிப் போனார்கள். அந்தத் தெருவுக்கு அவ்வளவு பால் அதற்கு முன் வந்ததில்லை. அறுபது லிட்டர் ஊற்றியும் ஒரு சாண் ஏறவில்லை. பால் பாதி வரை நுரைத்து எழும்பும். எல்லோரும் கிழக்குப் பக்கமாக நகர்வோம். அது மறுபடி உட்கார்ந்துவிடும். பிறகு அடிப்பிடித்த வாடை வர ஆரம்பித்தது.

அந்த நேரத்தில் தம்பி தனியாக வந்தான்.

"இது என்னக்கா?" என்றான்.

"பால்" என்றேன்.

அவன் கொப்பரைக்குள் பார்த்தான். அப்பாவின் கடைக்கு எதிரே பத்து நிமிடம் நின்றானாம். அப்பா கருப்பட்டி நிறுத்துக்கொண்டிருந்தாராம். உள்ளே போக முடியவில்லையாம், வந்துவிட்டானாம். இதைச் சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை, பாலைப் பார்த்தே சொன்னான். "போதும்க்கா, லாரிக்குச் சொல்லிருதேன்" என்றான். பானையை மறந்த என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

அத்தை ஒரு ஓரமாகப் போய் போனை எடுத்தாள்.

"ஏலே, பால் பொங்க மாட்டேங்கு. உடனே வா... கடை உன் மவனோடதாவே இருக்கட்டும். பால் நான் வாங்குனது."

மணி ஏழு பத்து. பார்களைத் தாண்டாமல், மீன் மார்க்கெட்டைச் சுற்றித் தெருவின் இந்தக் கோடிக்கு வந்தால் நல்ல நேரத்துக்குள் வந்துவிடலாம், ஆனால் பால் அதுவரை தாங்காது. இந்தக் கணக்கை அப்பாவும் போட்டிருக்க வேண்டும். நாலாவது நிமிடம், நெற்றியில் திருநீறு, வெள்ளைச் சட்டை, கையில் கருப்பட்டி ஒட்டிய துண்டோடு, ஐந்து பார்களையும் தாண்டி நடுத்தெருவில் நேராக நடந்து வந்தார். துடைப்பக்காரர்கள் வழி விட்டார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் கொப்பரைக்குள் பார்த்தார்.

தம்பிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்த நீளத் துடுப்பை எடுத்துப் பாலுக்குள் விட்டான்.

"ஏலே, அடியைக் கிண்டாத" என்றார் அப்பா. "கருகுன வாடை எல்லாத்துலயும் ஏறிரும்."

நான் தம்பி பக்கம் திரும்பி, வழக்கம்போல, "அடியைக் கிண்டாதயாம்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் துடுப்பை வெளியே எடுத்திருந்தான். என் வாய் கொஞ்ச நேரம் அப்படியே திறந்திருந்தது.

அப்பா பெரிய அடுப்பை அணைத்தார். மூலையில், தம்பி ருசி பார்ப்பதற்குக் காய்ச்சும் ஒற்றை அடுப்பும் சின்னப் பாத்திரமும் இருந்தன. அதில் தெர்மாமீட்டர் கிடந்தது. நாங்கள் அத்தனை பேரும் காலையிலிருந்து அதைத் தாண்டித் தாண்டித்தான் பால் தூக்கினோம். அப்பா தெர்மாமீட்டரை எடுத்து வைத்துவிட்டு, மேலாகப் பாலை மொண்டு அதில் ஊற்றி, அடுப்பைப் பற்றவைத்தார். இரண்டு நிமிடத்தில் பொங்கி, நன்றாகவே கிழக்குப் பக்கமாக வழிந்தது. அத்தை குலவை போட்டாள். பார்க்காரர்கள் கை தட்டினார்கள். மணி ஏழு இருபத்தைந்து.

"மிச்சத்தைக் கொட்டவா போறிய?" என்றார் அப்பா. யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. அவரே கடைக்குப் போன் போட்டுக் கருப்பட்டியும் சுக்கும் கொண்டுவரச் சொன்னார். குழாய்கள் வரிசையாக இருக்கும் மேடைக்குப் பின்னால் போய் நின்று, கருப்பட்டியை உடைத்துப் போட்டு, சுக்கைத் தட்டிப் போட்டு, பாலை பீர் கோப்பைகளில் ஆற்றினார். தம்பி பக்கத்தில் நின்று கோப்பைகளை நீட்டினான். இஞ்சி பீர் ஒரு சொட்டு இல்லாமல் அந்தக் கடை திறந்தது.

பார்கள் பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கும். பதினொன்றரைக்கே ஆட்கள் வந்து காத்திருப்பார்கள். அவர்கள் புதுக் கடையைப் பார்த்து ஆவலோடு உள்ளே வந்து, ஆளுக்கொரு பெரிய கோப்பை வாங்கி, ஒரு வாய் குடித்து, கோப்பைக்குள் பார்த்தார்கள். ஒருவர், "அண்ணாச்சி, இது ஏறுமா?" என்று கேட்டார். "சளி இறங்கும்" என்றார் அப்பா. அப்பாவோடு கோயில் கமிட்டியில் இருக்கும் ஒருவர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு நடந்து வந்தார். ஸ்கூட்டர் எதுவும் இல்லை. அப்பாவைப் பார்த்ததும் தெருவிலேயே நின்றுவிட்டார். பல் ஆஸ்பத்திரிக்கு வந்தேன் என்றார். "பல்லு வலிக்குச் சுக்கு நல்லதுலா, வாங்க" என்று அப்பா ஒரு கோப்பையை நீட்டினார். அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே குடித்தார்.

பால் தீரும்போது மதியம் ஒரு மணி ஆகிவிட்டது. அடிப்பிடித்த வாடை லேசாக இருந்தது, யாரும் குறை சொல்லவில்லை. அத்தை கூட்டத்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தூங்கிவிட்டாள். அப்பா மேடையைத் துடைத்தார். கொப்பரையின் அடியில் கருகல் ஒரு விரல் கனத்துக்கு ஒட்டியிருந்தது. அது போகாமல் கடை நடக்காது. தம்பி இடுப்பு வரை அதற்குள் கவிழ்ந்து சுரண்டிக்கொண்டிருந்தான். லாரிக்குச் சொன்னானா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயம்.

கொப்பரைக்குள்ளிருந்து குரல் வந்தது. "எக்கா, அப்பா நாளைக்கு வாராரான்னு கேளு."

எனக்குக் கால் வலித்தது. காலையிலிருந்து பால் தூக்கியிருந்தேன்.

"நீயே கேளுலே" என்றேன்.

சுரண்டும் சத்தம் நின்றது. தம்பி தலையை வெளியே எடுத்தான். முகம் முழுக்கக் கரி. அப்பா துடைப்பதை நிறுத்தவில்லை, ஆனால் ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எப்பா, நாளைக்கு வருவியளா?"

'பாப்போம்' என்று சொல்லப்போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அஞ்சரைக்கு வாரேன்" என்றார் அப்பா. "தேங்கா நாரு வாங்கி வை. அதுல தேச்சாத்தான் போகும்."

நான் அழுதேன். புகை என்று சொல்லலாம்தான், ஆனால் அடுப்பை அணைத்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. தம்பி, "சரிப்பா" என்று சொல்லிவிட்டு மறுபடி கொப்பரைக்குள் கவிழ்ந்தான். இரண்டு பேருக்கும் இடையில் நின்றுகொண்டிருந்த நான், அங்கே எனக்கு வேலை இல்லை என்று தெரிந்ததும், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.