ஐஸ் பெட்டி முதலில் போகும் இடம்

நான் கொல்லிமலைக்குக் கிராம சுகாதார செவிலியராக வந்து மூன்று வருடமாகிறது. புதன்கிழமை தடுப்பூசி நாள். முன்பெல்லாம் மருந்து வைத்த ஐஸ் பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கியதும் ரோட்டோர வீடுகளில் தொடங்குவேன். பெட்டியைத் திறந்து திறந்து மூடியதில், ஓடைக்கு அப்பாலுள்ள கடைசிக் குடியிருப்புக்குக் கிளம்பும் நேரத்தில் ஐஸ் உருகியிருக்கும். உருகினால் அந்த மருந்தைப் போடக்கூடாது என்பது விதி. திரும்பிவிடுவேன். விதியை மீறாதவள் என்ற கர்வம் வேறு.

போன வருடம் ஒரு காலையில் அந்தக் குடியிருப்பிலிருந்து செல்லாயி தன் ஒன்றரை வயது மகளைத் தூக்கிக்கொண்டு என்னைத் தேடி ரோட்டுக்கு ஓடிவந்தார். உடம்பெல்லாம் தட்டம்மை. மூச்சு இரைத்தது. அந்தப் பக்கம் போன் கிடையாது. மரவள்ளி ஏற்றிப்போன லாரியை நிறுத்தி ஏறினோம். அடிவாரத்து ஆஸ்பத்திரி வரும்வரை குழந்தையின் நெஞ்சிலிருந்து நான் கையை எடுக்கவில்லை. நான்காம் நாள்தான் அது கஞ்சி கேட்டு அழுதது.

“உங்க பக்கம் வரதுக்குள்ள ஐஸ் உருகிடுதும்மா, அதான் ஊசி போட முடியல” என்றேன்.

“ஏனுங்க நர்சம்மா, ரோட்டோரத்துலயே ஆரம்பிச்சா எங்களுக்கு எல்லா வாரமும் உருகித்தானுங்களே போயிருக்கும்?” என்றார் செல்லாயி. கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

அடுத்த புதனிலிருந்து நேராக ஓடையைத் தாண்டிவிடுகிறேன். காத்திருக்கும் ரோட்டோரத்துக்காரர்கள் முறைக்கிறார்கள். முறைக்கட்டும். ஐஸ் உருகிவிட்டால் சுகாதார நிலையத்துக்குப் போக அவர்களுக்கு பஸ் இருக்கிறது.