கடைசி நிரையில் ஒரு கொம்புப் பழம்

ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்டவன் நான். மரபணு என்ற சொல்லை முதன்முதலில் காப்பார் என்ற ஊரில், எண்ணெய்க்காக வளர்க்கும் ஒரு செம்பனை நிலத்தில் வைத்துத்தான் கேட்டேன். சொன்னவர் எங்கள் டாக்டரம்மா. பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். செடிக்கு ஊசி போடுகிற டாக்டர் என்று என் மனைவி கேலி செய்வாள்.

அவர் தன் உழைப்புக்காலம் முழுவதையும் ஒரே கோளாறின் மேல் செலவழித்தவர். நன்றாகக் காய்க்கிற தாய்மரத்திலிருந்து துணுக்கு எடுத்து, ஆய்வுக்கூடத்துக் குடுவையில் கன்றுகளாகப் பெருக்குவார்கள். எல்லாம் தாயைப் போலவே வரவேண்டும். சில மட்டும் வளர்ந்து பூக்கும்போது கெட்டுவிடும். பூவில் ஆண் பாகமாக வேண்டியது சதையாகத் திரண்டு, பழத்தைச் சுற்றிக் கொம்பு கொம்பாக நிற்கும். நாங்கள் அதைக் கொம்புப் பழம் என்போம். எண்ணெய் தேறாது, குலையே அழுகிப்போகும். அது தெரியவரும்போது பல வருட உரமும் கூலியும் மண்ணுக்குள் போயிருக்கும்.

ஏன் அப்படி ஆகிறது என்று ஒருமுறை கூச்சத்தை விட்டுக் கேட்டேன்.

"வீட்டுல யாரும் தொடக்கூடாதுன்னு ஒரு சுவிட்ச் மேல டேப் ஒட்டி வெப்பீங்கல்ல தம்பி? மரத்துக்குள்ள மரபணுவும் அப்படித்தான். குடுவையில வளரும்போது சிலதுல டேப் கழண்டுருது. சுவிட்ச் மாறல. டேப்தான் இல்ல."

டேப் கழன்றுவிட்டதா என்பதைச் சிறு கன்றின் இலையிலேயே சொல்லிவிடலாம் என்பது அவருடைய வாதம். அதை நிரூபிக்கத்தான் காப்பார் நிலம். இலைகளைச் சோதித்துவிட்டு, எது நல்லது எது கெட்டது என்று எங்களுக்குச் சொல்லாமலே கன்றுகளை நடவைத்தார். குலை பழுத்ததும் வெட்டி, பழத்தை அறுத்து, கண்டதைச் சொல்வது என் வேலை. முன்பே தெரிந்தால் கண் அதைத்தான் தேடும் என்பார். மரங்கள் காய்க்கத் தொடங்கிய வருடத்தின் கடைசியில் அவருக்கு ஓய்வு. அதற்குள் மரங்கள் எல்லாம் காய்த்து, அவர் கணிப்பு சரியா தப்பா என்று தெரிந்துவிட வேண்டும்.

ஒவ்வொரு தடவையும் நான் சொல்வதைக் கேட்டுத் தலையை மட்டும் ஆட்டுவார். கடைசி நிரையில் ஒரு மரத்தின் பழத்தை அறுத்து, "கொம்பு, டாக்டர்" என்றபோது தலை ஆடவில்லை.

"இது நல்ல மரமா இருக்கணும் தம்பி" என்றார். கணிப்பை அவர் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

பழத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கார் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். எங்களை வேலை வாங்கும் மண்டோர் அண்ணன் போய், இத்தனை மரத்தில் ஒரு மரம்தானே என்று ஆறுதல் சொன்னார். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் எல்லாரும் கேட்பார்கள் என்றார் டாக்டர். அந்த மரத்தின் இலையை மறுபடி வெட்டித் தரச்சொல்லி எடுத்துப்போனார்.

சில வாரம் கழித்து வந்தவர் நேராக மண்டோரிடம் போனார். புது இலையில் டேப் கழன்றிருந்தது. அதைவிட, அந்த மரம் அவர் துணுக்கு எடுத்த தாய்மரத்தின் பிள்ளையே இல்லை என்றார்.

மண்டோர் கொஞ்சமும் தயங்கவில்லை. "அந்தக் கன்ன பன்னி தின்னுருச்சு டாக்டரம்மா. நர்சரியில மிச்சம் கிடந்துச்சு, வெச்சேன். நிரையில ஓட்ட விட்டா பாக்கிறவன் என்னா சொல்வான்? மண்டோர் தூங்கறான்னு சொல்வான் லா."

தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் அது புரியும். செத்த கன்றின் இடத்தில் அன்றே வேறு கன்று வைக்காவிட்டால் துரையிடம் திட்டு வாங்கிய காலத்தில் வேலை பழகியவர் அவர். அதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்திருப்பார். டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. உடனே அடங்கியும் போனது.

"அண்ணே, இன்னும் எங்கெங்க வெச்சீங்க?"

மண்டோர் நிரைகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். ஞாபகமில்லை என்றார், மெதுவாக. ஒரு மரத்தில் ஆரம்பித்த சந்தேகம் அந்த நிமிடம் எல்லா மரத்தின் மேலும் விழுந்தது.

ஒரே வழி, எல்லா மரத்தின் இலையையும் மறுபடி சோதிப்பது. நான் வெட்டி உறையிலிட்டுத் தந்தேன். அவர் ஸ்ரீ கெம்பாங்கான் பக்கம் இருந்த ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனார். அது முடிவதற்குள் வருடமும் முடிந்தது, அவர் வேலையும் முடிந்தது. மேசையைக் காலிசெய்த பிறகும் பழைய மாணவி ஒருத்தியின் மேசை ஓரத்தில் உட்கார்ந்து சோதித்தாராம்.

முடிவைச் சொல்ல நிலத்துக்கே வந்தார். தாயோடு ஒத்துப்போகாமல், இடையில் வைத்தவை என்று தெரிந்த மரங்களை நீக்கியாகிவிட்டது. "மிச்சம் எல்லாம் இலை சொன்னபடிதான் காய்ச்சிருக்கு தம்பி" என்றார். அப்படியென்றால் தன்மேல் தப்பில்லையே என்று மண்டோர் கேட்டார். தப்புதான் என்றார் டாக்டர், முகம் கோணாமல். மாணவி புதிதாக நடப்போகிற நிலத்தில், செத்த கன்றின் இடத்தில் வேறு கன்று வைக்காமல் அடையாளத்துக்கு ஒரு குச்சியை மட்டும் ஊன்றச் சொன்னார்.

நடவு நாளன்று ஓய்வுபெற்ற டாக்டரே முதல் ஆளாக வந்து நின்றார். மண்டோர் குச்சிகளைச் சீவிக்கொண்டே, பார்க்க அசிங்கமாக இருக்குமே என்று என்னிடம் முணுமுணுத்தார்.