தேசிக் கொப்பில் ஒரு சொட்டு அயடீன்

1. காய் நின்றது

சுனாமி வந்து ஒரு மாதமிருக்கும். ஆரையம்பதிக் கடலோரத் தோட்டமொன்றில் தேசி எனும் எலுமிச்சை மரங்கள் இலையைக் கொட்டிவிட்டுக் காயோடு நின்றன. பிறகு காயும் உதிரத் தொடங்கியது. தோட்டக்காரருக்கு வீடு போய்விட்டது. இதுவாவது மிஞ்சட்டும் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் விவசாயப் போதனாசிரியர். காய் உதிராமல் நிறுத்தும் ஹோர்மோன் கைவசம் இருந்தது. பெரிய கெட்டிக்காரன் மாதிரி அடித்துவிட்டேன்.

காய் நின்றது. மரம் செத்தது.

உப்புத்தான் கொன்றது என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் மனம் கேட்கவில்லை. வேரை வெட்டி, வெட்டுவாயில் அயடீன் விட்டுப் பார்த்தேன். மாப்பொருள் இருந்தால் கருநீலமாகும். விட்ட மஞ்சள் அப்படியே கிடந்தது. இலையில்லாத மரத்தில் காயைப் பிடித்துவைத்து, வேரில் மிச்சமிருந்த சேமிப்புச் சத்தான காபோவைதரேற்றையும் உறிஞ்ச விட்டிருக்கிறேன். உப்போடு சேர்ந்து நானும்தான் கொன்றேன். வெட்கமாக இருந்தது.

2. பூவைக் கிள்ளச் சொன்ன சேர்

யுத்தம் ஓய்ந்த காலத்தில் எனக்குக் கொக்கட்டிச்சோலைப் பக்கம் வேலை. இடம்பெயர்ந்து திரும்பி வந்திருந்த யோகம்மாவின் வளவில் இருபத்தாறு தேசி மரங்கள், பராமரிப்பில்லாமல், சாற்றை உறிஞ்சும் குருவிச்சை பிடித்து, சோகையாய் நின்றன. அவர் கணவர் தவராசா நிலக்கடலை விதைக்கிற எண்ணத்தில் கோடாலியைத் தீட்டி வைத்திருந்தார்.

"வெட்டிப்போட்டுக் கச்சான் போடப்போறன் சேர். காய்க்காத மரத்துக்கு ஆரு தண்ணி ஊத்துற?"

"நான் கண்டு வெச்சு வளத்த மரம் சேர். பூக்க வைக்கிற மருந்து இரிக்காமே, அத ஊத்துங்க" என்றார் யோகம்மா.

அவர் கேட்டது பக்லோபியூட்ரசோல். என்னிடம் ஒரு போத்தல் இருந்தது. ஆனால் அந்த வளர்ச்சிச் சீராக்கி காபோவைதரேற்றை உண்டாக்காது. தளிரை அடக்கும்; தளிருக்குப் போகிற சத்து கொப்பிலே தங்கிப் பூவாகும். தங்குவதற்கு முதலில் ஏதாவது இருக்கவேண்டுமே! ஒரு கொப்பை வெட்டி அயடீன் விட்டேன். மஞ்சள்.

"மரம் பட்டினி. இப்ப அதுக்குத் தளிர்தான் வேணும். மருந்து வேணாம். குருவிச்சைய வெட்டுங்க, எருப் போடுங்க. இந்த மாரிக்குப் பூக்கிற பூவையெல்லாம் கிள்ளிப்போடுங்க."

தவராசா சிரித்தே விட்டார். "காய் வேணுமெண்டு கேட்டா பூவக் கிள்ளச் சொல்றார். நல்ல சேர்தான்!"

யோகம்மா சிரிக்கவில்லை. ஆரையம்பதியில் நான் செய்ததை ஒளிக்காமல் சொன்னேன். கேட்டுவிட்டுக் கணவரிடம், "ஒரு வருசம் பொறுங்க. அடுத்த மாரிக்கும் பூக்காட்டி நானே கோடாலிய எடுத்துத் தாறன்" என்றார்.

அந்த மாரியில் வந்த கொஞ்சப் பூவையும் அவர் அழுதழுது கிள்ளியதாக அயலார் சொன்னார்கள். இரண்டு மூன்று தரம் போத்தலை எடுத்துக்கொண்டு ஓடலாமா என்று எனக்கே தோன்றியது. மரம் பிழைக்காவிட்டால் அந்த மனுசிக்கு நான் என்ன பதில் சொல்வது?

3. போத்தல்

அடுத்த கோடையில், மழைக்கு முன்பே போனேன். இலை தடித்துக் கரும்பச்சையாய் இருந்தது. யோகம்மா கத்தியோடு வந்து, தானே ஒரு கொப்பை வெட்டி நீட்டினார். அயடீன் விட்டேன். கண்முன்னே கறுத்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. உற்சாகத்தில் போத்தலைத் திறக்கப் போனேன்.

"பொறுங்க சேர்" என்று கையைப் பிடித்தார். "பட்டினியில்லாத மரத்துக்கு என்னத்துக்கு மருந்து? மழ வரட்டும், அது தன்ட பாட்டில பூக்கும்."

படித்தவன் நான், மூடியைத் திரும்ப இறுக்கினேன்.

முதல் மழை விழுந்து சில கிழமைகளில் வளவு வெள்ளையாய்ப் பூத்தது. வைகாசியில் அம்மன் கோயில் சடங்குக்குத் தேசிக்காய் மூட்டையைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனவர் தவராசாதான். என்னைக் கண்டதும் நிறுத்தினார்.

"சேர், வளவில கிழக்குப் பக்கம் சும்மா கிடக்கு. நல்ல தேசிக் கண்டு எங்க எடுக்கலாம்?"

என் வேலைக்குப் புதிதாய் வரும் இளம் உத்தியோகத்தருக்கு நான் சொல்வது இவ்வளவுதான். சீராக்கி கெட்டதல்ல, பிறகு எத்தனையோ தோட்டத்தில் அளந்து ஊற்றியிருக்கிறேன். ஆனால் இருப்பதைத் திருப்பிவிடத்தான் அதற்குத் தெரியும். மருந்தை எடுக்க முதல் கொப்பை வெட்டிப் பாருங்கள். மஞ்சளாய் இருந்தால், போத்தலை மூடிவைத்துவிட்டு எருவுக்கு வழி பாருங்கள்.