ஞாயிற்றுக்கிழமை ஊதிய சங்கு

நடந்தது இவ்வளவுதான்:

1. சென்ற டிசம்பரில் ஒரு சனிக்கிழமை நானும் அப்பாவும் சித்தப்பாவும் மேகமலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஏரிக்கு மீன் பிடிக்கப் போனோம்.
2. ஏரிக்கு நடுவே உள்ள திட்டில் கூடாரம் அடித்துத் தங்கினோம்.
3. ஞாயிறு விடியும்போது அப்பாவுக்கு மூச்சிழுப்பு வந்தது.
4. மருந்து டப்பாவைத் திறந்தேன். உள்ளே ஏலக்காய் இருந்தது.
5. மேகம் இறங்கி ஏரியை மூடியிருந்தது. கரை தெரியவில்லை.
6. கனோ படகில் கிளம்பி இரண்டு முறை வழி தவறினோம்.
7. ஜெபித்தேன்.
8. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊதாத தோட்டத்து ஃபேக்டரிச் சங்கு ஊதியது.

அன்பானவர்களே, நம் சபையில் நான் சாட்சி சொல்லி நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். பேச எழுந்தால் எனக்கு வார்த்தை வராது, எழுதினால் வரும். அதனால் எழுதுகிறேன். நாலாவது வரி என் தவறு. அதிலிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

நான் தேனியில் ஒரு மருத்துவமனையில் கருவிகளைப் பராமரிக்கும் டெக்னீஷியன். ஆக்சிஜன் கருவி, ஊசி மருந்தை அளந்து செலுத்தும் பம்ப், ஆஸ்துமாக்காரர்களுக்கு மருந்தைப் புகையாக்கித் தரும் நெபுலைசர், இவற்றைச் சோதித்துச் சரிபார்ப்பது என் வேலை. பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் போடுவேன். வீட்டிலும் அப்படித்தான். மளிகைக்குப் பட்டியல், மழைக்கால வேலைக்குப் பட்டியல். "இவ கல்யாணத்துக்கும் மாப்பிள்ளைய டிக் போட்டுத்தான் எடுப்பா" என்று சித்தப்பா சிரிப்பார்.

சித்தப்பாவுக்குப் போடியில் தார்ப்பாய்க் கடை. மூன்று வருடத்துக்கு முன் கொச்சியிலிருந்து ஒரு பழைய ஃபைபர் கனோவை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பஜாரில் அன்று முதல் அவருக்குக் கப்பல்காரர் என்று பெயர். அப்பா ஏலக்காய் வியாபாரி. அந்தத் தோட்டத்தில் விளையும் ஏலக்காயைப் பல வருடம் வாங்கிய பழக்கத்தில், ஏரியில் தூண்டில் போடவும் திட்டில் ஒரு இரவு தங்கவும் மேனேஜர் அனுமதி கொடுத்திருந்தார். வருடத்துக்கு இரண்டு தடவை போவோம். அப்பா வைத்த ஒரே விதி, மூன்று பேருடைய போனும் ஜீப்பிலேயே இருக்க வேண்டும். "அங்கன போயி மீனோடயும் கர்த்தரோடயும் பேசினாப் போதும்" என்பார்.

அப்பாவுக்குப் பத்து வருடமாக ஆஸ்துமா. இன்ஹேலர் இல்லாமல் வீட்டு வாசலைத் தாண்ட மாட்டார். அந்தப் பயணத்துக்கு முப்பத்தோரு பொருள் கொண்ட பட்டியல் தயாரித்தேன். பதினான்காவது பொருள்: அப்பா மருந்து டப்பா.

ஏலக்காய் வியாபாரிகள் வீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மாதிரிக் காய் போட்டுக் கொண்டுவரும் வட்டமான அலுமினிய டப்பாக்கள் வீடு முழுவதும் கிடக்கும். எங்கள் வீட்டில் கடுகு அதில்தான். பொத்தான், ஊசி நூல், காணிக்கைச் சில்லறை, எல்லாம் அதில்தான். அப்பாவின் இன்ஹேலரும் அதில்தான். மருந்து டப்பாவின் மூடியில் மட்டும் அம்மா நகப்பூச்சால் சிவப்பாக ஒரு கோடு போட்டிருந்தார். அந்த வாரம் மூடிகளைக் கழுவிக் காயவைத்து மாற்றிப் போட்டுவிட்டார். சிவப்புக் கோடு போட்ட டப்பாவை எடுத்தேன். ஆட்டினேன். உள்ளே ஏதோ குலுங்கியது. டிக் போட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பட்டியலின் கடைசி வரி, முப்பத்தொன்று: பயண ஜெபம். ஜீப் அருகில் நின்று அப்பா கண்ணை மூடி ஜெபித்தார். அவர் ஆமென் சொல்வதற்குள் அந்த வரிக்கு நான் டிக் போட்டிருந்தேன்.

சனிக்கிழமை நன்றாகப் போனது. சின்னமனூரிலிருந்து ஏறும் அந்த மோசமான ரோட்டில் குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர்ந்து, பிற்பகலில் கனோவை இறக்கினோம். ஏரி நேராக இருக்காது. தேயிலைக் குன்றுகளுக்கு நடுவே விரல்களை விரித்தது போல ஐந்தாறு கிளைகளாகப் பிரிந்து போகும். ஒரு கிளை முடிவில்தான் ஃபேக்டரியும் டிஸ்பென்சரியும் நாங்கள் ஜீப்பை நிறுத்திய இறக்கமும். மற்றவை காட்டில் போய் முடியும். திட்டிலிருந்து இறக்கத்துக்கு ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். யானை தொந்தரவு குறைவு என்பதால் திட்டில் தங்குவோம்.

சித்தப்பாவுக்கு இரண்டு பெரிய கெண்டை. எனக்கு ஜிலேபி மீன் நாலு. அப்பாவுக்கு ஒன்றுமில்லை.

"அண்ணே, மீனுக்கும் கிரேடு பாத்துத்தான் எடுப்பீகளோ?"

"ஏலே, நான் நல்ல சரக்குக்காகக் காத்திருக்கேன். நீ கிடைச்சத வாரிப் போடுற."

இருட்டுவதற்குள் மீனைச் சுட்டுச் சாப்பிட்டுப் படுத்துவிட்டோம். விறகு ஈரம். புகை அதிகம். அதைக் கவனித்திருக்க வேண்டும்.

ஆறு மணிக்கு ஒரு சத்தம் கேட்டு விழித்தேன். அப்பா கூடாரத்துக்கு வெளியே முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு மூச்சும் விசில் போல வந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்கு இருபத்தாறு. பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தேன்.

பச்சைப்பசேல் என்று ஏலக்காய். வாசனை முகத்தில் அடித்தது.

கொட்டிப் பார்த்தேன். பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். அப்பா உள்ளங்கையில் ஒரு காயை எடுத்துப் பார்த்து, மூச்சுக்கு நடுவே சொன்னார். "நல்ல காய்... ஆத்தா... எட்டு மில்லி..."

எட்டு மில்லிமீட்டர் பருமன் என்றால் அவர் வியாபாரத்தில் முதல் தரம். என்னை அழவிடாமல் இருக்க அவரிடம் அப்போது இருந்தது அந்த ஒரு வேடிக்கைதான்.

கட்டன் காப்பி சூடாகப் போட்டுக் கொடுத்தேன். காப்பி கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். கூடாரத்தையும் மீனையும் அப்படியே போட்டுவிட்டு அப்பாவைக் கனோவின் நடுவில் பாயைச் சுருட்டி முட்டுக்கொடுத்து உட்கார வைத்தோம். முன்னால் நான். பின்னால் சித்தப்பா. அப்போதுதான் ஏரியைச் சரியாகப் பார்த்தேன். ஏரியே இல்லை. என் துடுப்பின் நுனிகூடத் தெரியாத வெள்ளை.

"மேகம் கலையட்டுமா?" என்றார் சித்தப்பா.

"அதுவரைக்கும் தாங்காது சித்தப்பா."

மணி ஆறு இருபது. போன் இருந்திருந்தால் திசைகாட்டியாவது பார்த்திருக்கலாம். அது ஜீப்பில். நேராகப் போகிறோம் என்று நினைத்துத் துடுப்புப் போட்டோம். முதலில் ஒரு கிளைக்குள் புகுந்து, நீரில் மூழ்கிய பட்டுப்போன மரங்களில் இடித்து நின்றோம். ஒரு கட்டையின் மேல் நீர்க்காகம் ஒன்று இறகை விரித்து உட்கார்ந்திருந்தது. திரும்பினோம். இருபது நிமிடம் போட்டபின் மறுபடி ஒரு கட்டை. அதே நீர்க்காகம்.

"இங்கனதான் சுத்திக்கிட்டு இருக்கோம்" என்று சித்தப்பா சொன்னார். துடுப்பைத் தண்ணீரில் ஓங்கி அறைந்தார். பெட்டிக்கடை முன் நின்றாலே பத்துப் பேரைச் சிரிக்க வைப்பவர்.

அப்பாவின் மூச்சு என் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. முப்பத்து நாலு. பேச்சு நின்றுபோயிருந்தது. இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று நான் படித்த படிப்பு தெளிவாகச் சொன்னது. என்ன மருந்து, எத்தனை மில்லி, எந்த மாஸ்க், எல்லாம் தெரியும். தினமும் தொடும் கருவி. அதில் ஒன்றுகூட அந்தப் படகில் இல்லை.

துடுப்பைக் கீழே வைத்தேன்.

"ஏன் வச்ச? போடு ஆத்தா!"

"ஒரு நிமிஷம் சித்தப்பா."

நான் அழகாக ஜெபிக்கவில்லை. "ஆண்டவரே, எனக்கு வழி தெரியல. என் கையில ஒண்ணுமே இல்ல. டப்பாவத் திறந்து பாக்கல. உங்களையும் அப்படித்தான் வச்சிருந்தேன். மன்னிச்சிருங்க. அப்பாவ எடுத்துக்காதீங்க." சத்தமாகத்தான் சொன்னேன். பின்னால் சித்தப்பா விம்மியது கேட்டது. அப்பாவின் கை என் தோளைத் தொட்டது.

எனக்குள் எந்தக் குரலும் கேட்கவில்லை. மனதில் சமாதானம் வந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். துடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டிய சத்தம்தான் கேட்டது.

பிறகு சங்கு ஊதியது.

மணி ஏழு ஐந்து. வேலைக்கு ஆட்களைக் கூப்பிடும் ஃபேக்டரிச் சங்கு அது. வேலை நாளில் ஏழு மணிக்கு ஊதும், ஞாயிறு ஊதாது. எனக்கு வலப்பக்கம் கேட்டது. சித்தப்பா பின்னால் என்றார். மூட்டத்தில் சத்தம் ஏமாற்றும். காதுக்குப் பின்னால் இரண்டு கையையும் குவித்து வைத்துக் காத்திருந்தேன். இரண்டாம் முறை கரகரவென்று பாதியில் அறுந்து ஊதியது. வலப்பக்கம்தான். முனையைத் திருப்பினோம். கொஞ்ச நேரத்தில் மூன்றாவது. சற்று விலகியிருந்தோம்; சரிசெய்தோம். நாலாவது நீளமாக, முழுதாக ஊதியபோது தகரக் கூரை ஒன்று வெள்ளைக்குள்ளிருந்து வெளியே வந்தது.

இறக்கத்தில் கையில் ஸ்பானரோடு ஒருவர் நின்றார். தோட்டத்து மெக்கானிக் ராஜன். குமுளிக்காரர், மலையாளி. "எந்தா, என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே தண்ணீரில் இறங்கி அப்பாவைத் தோளில் சாய்த்துக் கொண்டார். தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து டிஸ்பென்சரி சிஸ்டர் ஈரத் தலையோடு ஓடி வந்தார். நெபுலைசர் இருந்தது. ஆனால் புகை மெலிசாக வந்தது. ஃபில்டர் அடைத்திருந்தது. நான் கழற்றித் தட்டிப் போட்டேன். புகை கெட்டியாக வந்தது. நான் கற்ற வேலை அன்று காலை பயன்பட்ட ஒரே இடம் அதுதான்.

பதினைந்து நிமிடத்தில் அப்பா ஒரு முழு வாக்கியம் பேசினார். "கூடாரத்துல என் தூண்டில் கிடக்கு."

"நீங்க பிடிச்ச மீனுக்குத் தூண்டில் ஒரு கேடா அண்ணே?" என்றார் சித்தப்பா. சொல்லிவிட்டு வெளியே போய்ச் சுவரில் தலையை வைத்து அழுதார்.

ராஜனிடம் கேட்டேன். "சேட்டா, இன்னிக்கு ஏன் சங்கு ஊதுனீக?"

அவர் கொஞ்சம் பயந்தார். "மேனேஜர்ட்டச் சொல்லிராதம்மா. ஞாயித்துக்கிழம ஊதுனாத் திட்டுவாக. நேத்து வால்வு மாத்துனேன். திங்கக்கிழம ஊதலேன்னா அதுக்கும் என்னத்தான் திட்டுவாக. அதான் ஒரு தடவ சோதிச்சுப் பாத்தேன். சனியன், சிக்கிக்கிட்டு சரியா வரல. கழத்தி மாட்டி, கழத்தி மாட்டி நாலு தடவ ஊத வேண்டியதாப் போச்சு. மொதத் தடவயே ஒழுங்கா ஊதியிருந்தா அதோட வீட்டுக்குப் போயிருப்பேன்."

அவர் அலுத்துக்கொண்டு சொன்னார். நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

கருவிகளில் உள்ள பழுதைக் கண்டுபிடித்து நீக்குவதுதான் என் தொழில். ஒரே ஒரு சங்குச் சத்தம் எங்களுக்குப் போதாது. இருவரும் ஆளுக்கு ஒரு திசை சொல்லிக்கொண்டிருந்திருப்போம். சிக்கிய அந்த வால்வுதான் எங்களைக் கரை சேர்த்தது. அதற்குக் காரணம் உண்டு. அழுக்கோ, புது வாஷரோ, ஏதோ ஒன்று. காரணம் தெரிந்துவிட்டதால் அது ஜெபத்துக்குப் பதில் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு மனிதன் தன் வேலையை அக்கறையாகச் செய்ததன் வழியாகவும் கர்த்தர் பேசுவார் என்று அன்று அறிந்தேன்.

ஜீப்பில் சின்னமனூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். போடியிலிருந்து அம்மா நேராக அங்கே வந்தார். டாக்டர் "இன்னும் அரை மணி நேரம் தாமதமாயிருந்தா..." என்று ஆரம்பித்து, அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "நான்தானே மூடிய மாத்திப் போட்டேன்" என்று அம்மா ஒரு வாரம் சொல்லிக்கொண்டே இருந்தார். "நான்தாம்மா திறந்து பாக்கல" என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அப்பா, "ரெண்டு பேரும் முடிச்சிட்டீகன்னா சோத்தப் போடுங்க" என்றார். அன்றிரவு மூவரும் சேர்ந்து ஜெபித்தோம். என் கையில் பேனா இல்லை.

அன்பானவர்களே, எல்லா ஜெபத்துக்கும் அடுத்த நிமிடமே சங்கு ஊதும் என்று நான் சொல்ல மாட்டேன். மருத்துவமனையில் வேலை செய்கிறேன். என்னைவிட நன்றாக ஜெபித்தவர்கள் வெறுங்கையோடு வீடு திரும்புவதையும் பார்க்கிறேன். அவர்கள் பக்கத்தில் உட்காருகிறேன், முன்பு அதுகூடச் செய்ததில்லை. ஆனால் கையில் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து கூப்பிடத் தயங்கிக்கொண்டிருப்பவர் உங்களில் யாராவது இருந்தால், அவரைக் கேட்டுக்கொள்கிறேன்: கூப்பிடுங்கள். நானும் அங்கிருந்துதான் கூப்பிட்டேன். அழகான வார்த்தை வேண்டியதில்லை.

இப்போதைய நிலை: அப்பாவுக்கு இன்ஹேலர் மூன்று. ஒன்று சட்டைப்பையில், ஒன்று கடையில், ஒன்று மீன்பிடிப் பையில், உள்ளே இருப்பது தெரியும் கண்ணாடி டப்பாவில். ராஜன் சேட்டனைப் பற்றி மேனேஜரிடம் நாங்கள் சொல்லவில்லை. அவரே சொல்லிவிட்டார், திட்டு விழவில்லை. கனோ சித்தப்பா கடைக்குப் பின்னால் தார்ப்பாய் மூடிக் கிடக்கிறது. கோடையில் மறுபடி போகிறோம். பட்டியல் இந்த முறை முப்பது வரி. ஜெபத்தை அதிலிருந்து எடுத்துவிட்டேன், அதற்கு டிக் போடுவதில்லை. இன்று காலை அப்பா தூங்கும்போது எண்ணிப் பார்த்தேன். நிமிடத்துக்குப் பதினாறு.