பாதிரியின் முழங்கால்

கிரெகர் லாரி அந்த மேட்டை முதன்முதலில் பார்த்தபோது அதன்மேல் ஒரு கிழவர் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்.

கோல்ஃப் மைதானத்தில் பதினேழாம் குழியின் கிரீனுக்கு, அதாவது பந்தைக் குழிக்குள் தள்ளும் மழித்த புல்தரைக்கு, முன்னால், இடதுபக்கம். புல் மூடிய மேடு. ஒரு ஆள் சௌகரியமாக உட்காரும் அளவு. கிரெகர் கடலைப் பார்த்தான், பின்னால் ஓடையைப் பார்த்தான், வலதுபக்க மணற்குழியைப் பார்த்தான். எல்லாம் அவன் போட்ட இடத்தில் இருந்தன. மேடு மட்டும் அதிகம்.

"இது புதுசா ஐயா?"

"எது?"

"நீங்க உட்கார்ந்திருக்கறது."

கிழவர் தன் தொடைகளுக்கு நடுவே குனிந்து பார்த்தார். "உலகச் சண்டைக் காலத்துல டாங்கி வராம இருக்க கான்கிரீட் கட்டை போட்டாங்க. அப்புறம் யாராலயும் பெயர்க்க முடியல. மண்ணைப் போட்டு மூடிட்டாங்க. பாதிரி முழங்கால்னு சொல்லுவோம். மண்டி போட்ட மாதிரி இருக்குல்ல?" அவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். "இன்னிக்கு ஆடறதுல நீ எந்தப் பொண்ணோட ஆளு?"

"எய்லி லாரி. என் மனைவி."

"ஓ. ஒரு குழி வித்தியாசத்துல முன்னாடி இருக்காங்களே. கெட்டிக்காரி. இந்தக் குழி வரைக்கும் வராம எல்லாரையும் முன்னாடியே முடிச்சு அனுப்பிட்டாங்களாமே?"

ஆமாம். அதுதான் விஷயம். மாவட்டப் பெண்கள் போட்டியில் இன்றைய ஃபைனலுக்கு வர எய்லி மூன்று பேரைத் தோற்கடித்திருந்தாள். ஒருத்தியைப் பதினாலாம் குழியிலேயே. கடைசியாக ஆடியவளைப் பதினாறில். நேருக்கு நேர் ஆட்டத்தில் குறைந்த அடியில் முடிப்பவளுக்கு அந்தக் குழி; பதினெட்டுக் குழிகளில் எதிராளியால் இனி எட்டிப் பிடிக்க முடியாது என்றானதும் ஆட்டம் முடிந்துவிடும். பதினாறாம் கிரீனை ஒட்டியே கிளப்புக்கு வண்டிப்பாதை. கைகுலுக்கிவிட்டு அந்த வழியாகவே போய்விட்டாள். பயிற்சி நாளன்று பேக்கரியில் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆகவே கார்னெஸ் மைதானத்தின் பதினேழாம் குழியை எய்லி ஒருமுறைகூட நேரில் ஆடியதில்லை.

ஆனால் அவள் அதை இரண்டு குளிர்காலமாக ஆடிக்கொண்டிருந்தாள். வீட்டுக் காரேஜில், கிரெகர் தொங்கவிட்ட வெள்ளைத் துணியில் விழும் கம்ப்யூட்டர் படத்தை நோக்கி நிஜப் பந்தை அடித்து.

கிரெகருக்கு கோல்ஃப் ஆட வராது. ஒருமுறை முயன்று, பந்தை விட்டுவிட்டு விரலை அடித்துக்கொண்டான். கிர்கால்டியிலிருந்து லீவன் வரை பஸ் ஓட்டுகிறவன். கம்ப்யூட்டர் கோல்ஃபுக்கு மைதானம் போடுவது அவனுக்கு எப்போது பழக்கமானது என்று அவனுக்கே நினைவில்லை. அரசாங்கம் விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சி நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்து இலவசமாகத் தருகிறது. அதை எடுத்து, மேலிருந்து பிடித்த படத்தோடு பொருத்தி, புல்லை வரைந்து, முட்புதரை நட்டு, மணற்குழிச் சுவரில் புற்கட்டிகளை வரிவரியாக அடுக்கி, குப்பைத்தொட்டியின் துரு வரைக்கும் போட்டுவிடுவான். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இருந்து முகம் தெரியாத ஆட்கள் நன்றி எழுதினார்கள். அவன் போட்ட ஐந்து மைதானங்களில் ஒன்றிலும் இந்தப் போட்டி வரை அவன் கால் வைத்ததில்லை. அதில் அவனுக்குப் பெருமையும் இருந்தது.

"ஒரு தடவ கார்னெஸ் போய்ப் பார்த்துட்டு வாயேன்" என்று எய்லி சொன்னாள்.

"எதுக்கு? லேசர் பொய் சொல்லாது."

லேசர் பொய் சொல்லவில்லை. இந்த மேடு அதில் இருந்தது. கிரெகருக்கு அந்த மாலை நன்றாக நினைவிருந்தது. லேசருக்கு மண் எது, மண்மேல் நிற்பது எது என்று எப்போதும் பிடிபடாது. நிறுத்திய கார், மேயும் ஆடு, நடந்துபோகிறவன் எல்லாமே மேடாகப் பதிந்துவிடும். மைதானம் போடுகிறவர்கள் முதலில் செய்வது இந்தக் குப்பையைத் துடைப்பதுதான். பதினேழாம் கிரீனுக்கு முன்னால் மொத்தையாக ஒன்று தெரிந்தது. படத்தைப் பார்த்தான். அதே இடத்துக்குப் பக்கத்தில் புல்வெட்டும் வண்டி நின்றது. சரி, வண்டிதான். துடைப்பானை வைத்து இழுத்தான். நிலம் சமமானது. லேசர் அளந்தது ஒருநாள், படம் பிடித்தது வேறொரு நாள் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. அன்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எய்லி அந்தக் குழியை எப்படி ஆடுவது என்று கண்டுபிடித்தாள். கிரீனில் நேராக இறக்கினால் பந்து உருண்டு பின்னால் ஓடைக்குப் போகும். இடதுபக்கம் முன்னாலேயே விழவைத்தால் சரிவு பிடித்து மெதுவாகக் குழிப்பக்கம் வரும். காரேஜில் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பாள். ஒவ்வொரு முறையும் பந்து அந்த இடத்தில்தான் விழுந்தது.

இப்போது அந்த இடத்தில் கிழவர் உட்கார்ந்திருந்தார்.

பதினாறாம் கிரீன் பக்கமிருந்து கைதட்டல் கேட்டது. யாருக்கு என்று தெரியவில்லை. பார்க்கத் தாங்காமல்தான் கிரெகர் முன்னால் நடந்து வந்திருந்தான். இப்போது திரும்பி ஓடினான். ஐம்பத்தோரு வயது, பஸ் சீட்டில் வளர்ந்த வயிறு, மணலில் புதையும் ஷூ. எதிரே வந்த கூட்டத்தில் ஒரு பெண்ணைப் பிடித்து நிறுத்தினான்.

"என்னாச்சு?"

"அந்தக் குழி சமம். எய்லி இன்னும் ஒரு குழி முன்னாடிதான் இருக்கா. ரெண்டு குழி பாக்கி."

அவன் போய்ச் சேர்ந்தபோது இருவரும் பதினேழில் முதல் அடியை அடித்துவிட்டுத் தங்கள் பந்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். எதிராளி ஷீனா பெட்ரி இந்தக் கிளப்புக்காரி. எய்லியின் பையைத் தூக்கிக்கொண்டு அவள் தங்கை நெட்டா வந்தாள்.

நடுவர் ரேபர்ன் அம்மாள் தனியாக நடந்துகொண்டிருந்தார். கிரெகர் அவர் பக்கத்தில் போய் மூச்சு வாங்கினான்.

"மேடம், ஒரு சந்தேகம்."

"சீக்கிரம் கேளுங்க."

"மைதானத்துல ஒரு பொருள் எங்க இருக்குன்னு ஆடறவங்ககிட்ட சொல்லலாமா?"

"என்ன பொருள்?"

"மேடு. பாதிரி முழங்கால்."

அம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அது ஊருக்கே தெரிஞ்சது. இருக்குன்னு சொல்லலாம். ஆனா அதுக்கு அவங்க என்ன பண்ணணும்னு ஒரு வார்த்தை வந்துச்சு, அது ஆலோசனை, வெளியாளுக்கு அனுமதி இல்ல. அப்புறம் நான் சும்மா இருக்க மாட்டேன்."

பக்கத்தில் வந்த ஷீனாவின் கணவன் ஆங்கஸ் சிரித்தான். "என்னப்பா, முழங்காலைத் தெரியாமலேயா ஃபைனல் வரைக்கும் வந்துட்டாங்க?"

கிரெகர், எய்லியிடம் சொல்லாமலே விட்டுவிடலாமா என்று நடந்துகொண்டே யோசித்தான். எய்லி யோசிக்காமல் அடிக்கும்போதுதான் நன்றாக அடிப்பாள். சொன்னால் யோசிப்பாள். சொல்லாவிட்டால் பந்து நேராகக் கான்கிரீட்டில் போய் விழும், எங்கே தெறிக்கும் என்று யாருக்கும் தெரியாது. கொஞ்சம் தள்ளி விழுந்தால் தப்பிக்கவும் செய்யலாம். ஆனால் அவள் தள்ளி அடிக்க மாட்டாள். தள்ளி அடிக்காமலிருக்கத்தான் அவன் அவளைப் பழக்கியிருந்தான்.

எய்லி பந்துக்குப் பின்னால் நின்று மட்டையைக் கையில் எடுத்திருந்தாள். காரேஜில் எடுக்கும் அதே மட்டை. அங்கிருந்து பார்க்க மேடு தெரியவில்லை. புல்லோடு புல்லாக இருந்தது.

"எய்லி."

அவள் திரும்பினாள். ஆட்டத்தின் நடுவே அவன் அவளைக் கூப்பிட்டதே இல்லை.

"நான் போட்டதுல ஒண்ணு விட்டுப்போச்சு. கிரீனுக்கு முன்னாடி இடதுபக்கம் ஒரு மேடு இருக்கு. உள்ள கான்கிரீட்."

"விட்டுப்போச்சா?"

"இல்ல. இருந்துச்சு. நான்தான் துடைச்சுட்டேன்."

நெட்டா பையைத் தரையில் வைத்தாள். "அடப்பாவி! பெரிய இன்ஜினியர் கணக்கா துரு எல்லாம் போடத் தெரியுது, மேடு போடத் தெரியலையா?"

"சும்மா இரு நெட்டா." எய்லியின் குரலில் கோபம் இல்லை. அது கிரெகருக்கு இன்னும் பயமாக இருந்தது. "எவ்வளவு உயரம்?"

"முழங்காலுக்குக் கொஞ்சம் மேல."

"எங்க, சரியா?"

"நீ எப்பவும் விழவைக்கற..."

"போதும்" என்றார் ரேபர்ன் அம்மாள்.

காற்று கடலிலிருந்து வந்தது. எய்லி கையிலிருந்த மட்டையைப் பார்த்தாள். பிறகு கிரெகரை.

"அப்ப பதினெட்டு? அது சரியா இருக்கா?"

"மிஸஸ் லாரி," என்றார் அம்மாள், "அந்தக் கேள்வி வேண்டாம். நீங்களும் வாயைத் திறக்காதீங்க சார். பாக்க வந்தவங்க நிக்கற கயித்துக்கு அந்தப் பக்கம் போங்க."

கிரெகர் போனான். சரியாகத்தான் இருக்கிறது என்பது அவன் நாக்கில் நின்றது.

எய்லி மட்டையைப் பையில் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தாள். அதையும் போட்டுவிட்டு இன்னொன்று. இரண்டுமுறை காற்றில் வீசிப் பார்த்தாள். காரேஜில் அவள் வீசிப் பார்த்ததே கிடையாது. அடித்தாள். பந்து உயர எழுந்து மேட்டைத் தாண்டி கிரீனில் இறங்கியது. கூட்டம் கைதட்ட ஆரம்பித்தது. பந்து நிற்கவில்லை. உருண்டது. கைதட்டல் நின்றது. பந்து கிரீனின் விளிம்பில் ஒரு கணம் யோசிப்பதுபோல் தயங்கி ஓடைக்குள் போய்விட்டது.

ஷீனா வலதுபக்கமாகச் சின்னதாக அடித்து, அமைதியாக முடித்தாள். குழி அவளுக்கு. ஆட்டம் சமம்.

பதினெட்டாம் குழிக்குப் போகும் வழியில் நெட்டா கயிற்றோரமாக வந்து, அவனைப் பார்க்காமலே, "வீட்டுக்கு வா, பேசிக்கறேன்" என்றாள்.

பதினெட்டில் ஷீனா நாலு அடியில் முடித்தாள். எய்லிக்குக் கிரீனில் நாலாவது அடி பாக்கி. போட்டால் ஆட்டம் நீளும். விட்டால் முடிந்தது.

பந்துக்கும் குழிக்கும் நடுவே ஒரு வண்டி நீளம். கண்ணுக்கு நிலம் இடதுபக்கம், கிளப் கட்டடத்துப் பக்கம் சரிவதுபோலத் தெரியும். சரியாது. வலதுபக்கம், கடல் பக்கம்தான் இழுக்கும். கிரெகருக்குத் தெரியும். இந்தக் கிரீனில் அவன் துடைப்பானையே வைக்கவில்லை. லேசர் கொடுத்ததை அப்படியே விட்டிருந்தான், அவ்வளவு சுத்தமாக வந்திருந்தது. காரேஜில் எய்லி முதலில் இதே அடியை இடதுசரிவு என்று நினைத்துத் தவறவிட்டாள். பிறகு பழகிக்கொண்டாள்.

அவள் குனிந்து ஒருபக்கம் பார்த்தாள். எழுந்து சுற்றிப்போய் மறுபக்கத்திலிருந்து பார்த்தாள். நெட்டா ஏதோ முணுமுணுத்தாள், எய்லி தலையசைத்து மறுத்தாள். இரண்டு பேருக்கும் அங்கே கண்ணில் தெரிவது ஒன்று, காரேஜில் தெரிந்தது வேறொன்று.

எய்லி நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தாள். கிரெகரைத் தேடினாள். கண்டாள்.

ரேபர்ன் அம்மாளும் கிரெகரைப் பார்த்தார்.

ஒரு தலையாட்டல் போதும். அதுவும் ஆலோசனைதான். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. சிரித்தால் ஒன்று, சிரிக்காவிட்டால் ஒன்று. எதையும் சொல்லாத முகம் அவனிடம் இல்லை. கைகளைப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். தன் ஷூவில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

பந்தில் மட்டை பட்ட சத்தம் கேட்டது. பிறகு கூட்டம் ஒரே மூச்சாக "அய்யோ" என்றது.

அவன் நிமிர்ந்தபோது பந்து குழிக்கு வலதுபக்கம் நின்றது, கடல் பக்கம். ஷீனா தொப்பியைக் கழற்றிவிட்டு எய்லியிடம் நடந்துபோய்க்கொண்டிருந்தாள். ஆங்கஸ் இரண்டு கைகளையும் தூக்கிக் கத்தினான்.

காரில் நெட்டா பின்சீட்டில் உட்கார்ந்தாள். ஊர் எல்லை தாண்டும்வரை ரேடியோதான் பாடிக்கொண்டிருந்தது.

"ரெண்டு பேரும் சண்டை போடறதா இருந்தா என்னை பஸ் ஸ்டாப்ல இறக்கிவிட்டுடுங்க" என்றாள் நெட்டா. "இல்ல, போடாம இருக்கறதா இருந்தாலும் இறக்கிவிடுங்க. இது தாங்கல."

எய்லி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "பதினெட்டுல கை வச்சியா?"

"இல்ல. ஒரு துளிகூட."

"பின்ன ஏன் கீழ பாத்த?"

"அந்தம்மா என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. தலை ஆடிடுமோன்னு பயந்தேன்."

"நான் அதுவும் தப்பாப் போச்சுன்னு நெனச்சேன்." அவள் கையுறையைக் கழற்றினாள், விரல் விரலாக. "கண்ணுக்கு இடது தெரிஞ்சது. உன் துணியில வலது. நீ குனிஞ்சுட்டே. சரி, கண்ணையே நம்புவோம்னு அடிச்சேன்."

கிரெகர் ரவுண்டானாவை ஒரு சுற்று அதிகமாகச் சுற்றிவிட்டான். தினமும் பஸ் ஓட்டும் ரவுண்டானா. 

"மேட்டைத் திரும்பப் போட்டுடறேன். இன்னிக்கே" என்றான்.

"மேடு கிடக்கட்டும்." எய்லி அவன் பக்கம் திரும்பினாள். "அடுத்த வருஷமும் கார்னெஸ்லதான். வேற எங்கெல்லாம் துடைச்ச?"

"எல்லாத்தையும் எப்படி ஞாபகம் வச்சுக்கறது எய்லி? அந்தந்த நேரத்துல குப்பைன்னு தோணினதைத் துடைக்கறதுதான்."

"அந்தந்த நேரத்துல என்ன தோணிச்சுன்னு சொல்லு. நான் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாதுன்னு எனக்குத் தெரியணும்."

அவள் கை நீட்டி ரேடியோவை அணைத்தாள். பின்னால் நெட்டா சீட் நுனிக்கு வந்து இரண்டு சீட்டுகளுக்கும் நடுவே தலையை நீட்டினாள். முன்னால் ஒரு டிராக்டர் மெதுவாகப் போனது. கிரெகர் அதைத் தாண்டவில்லை.

"ஒண்ணாங் குழியில," என்றான், "ரோட்டோரமா நீளமா ஒண்ணு இருந்துச்சு. கார்னு நெனச்சேன்."