மாடியைப் படம் எடுக்கப் போனேன்

என் தம்பி மகள் தன் செல்போனை என் கையில் கொடுத்து, கேமராவைத் திறப்பது எப்படி என்று மூன்று தடவை சொல்லிக் கொடுத்தாள். நாலாவது தடவையும் நான் டார்ச்சைத்தான் எரியவிட்டேன்.

"அது இல்ல அத்தை. இந்த வட்டத்தை அமுக்குங்க. அமுக்கும்போது மூச்சு விடாதீங்க, கை ஆடும்."

"மூச்சு விடாம எம்புட்டு நேரம்டி இருக்கது?"

"ஒரு படத்துக்குத்தான் அத்தை."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறோம். அவளுக்குத் தாய் இல்லை. பெண் வீட்டிலிருந்து போகிற ஒரே பொம்பளை நான்தான். நானோ பஸ்ஸில் டிக்கெட் கேட்கவே பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கிறவள்.

அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு தொலைநோக்கி வாங்கி, கைக்குழந்தையைப் போலத் துணி சுற்றி வைத்திருந்தாள். எங்கள் வீடு மில்லுக்குப் பின்னால் உள்ள சந்தில் ஓட்டு வீடு. இரண்டு பக்கமும் மாடி வீடுகள். நடுவில் தெரிகிற வானம் ஒரு துண்டு அகலம் இருக்கும். பிள்ளைகளுக்கு நிலாவைக் காட்ட வேண்டுமென்றால் சாமானைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் போவாள். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை அவளிடம் தனியாகப் பேசிய ஐந்து நிமிஷத்தில், "எங்க வீட்டு மொட்டை மாடி பெருசு, எந்தப் பக்கமும் மறைப்பு கிடையாது, பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்து காட்டுங்க" என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒரு சொல்லில் அவள் பாதி சம்மதித்துவிட்டாள். மீதிப் பாதிக்கு என்னை அனுப்பினாள்.

"ஹாலை அவங்களே காட்டுவாங்க. நீங்க மாடியைப் படம் எடுத்துட்டு வாங்க. அதைப் பார்த்துட்டுத்தான் நான் சரின்னு சொல்லுவேன். அதுவரைக்கும் அங்க எதையும் சாப்பிட்றாதீங்க."

எங்கள் பக்கத்தில் இது ஒரு சட்டம். சம்பந்தம் பேசப் போன இடத்தில் காப்பி குடிக்கலாம், அது தண்ணீர்க் கணக்கு. கையால் எடுத்து ஒரு வாய் தின்றுவிட்டால் கை நனைத்தாயிற்று. சம்மதம் சொன்ன மாதிரி. பிறகு மாற்றிப் பேச முடியாது.

அந்த நாட்களில் டிவியில் ஒரு வால் நட்சத்திரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஆளில்லாத விண்கலம் ஒன்று பத்து வருஷமாகப் பறந்து போய், அதைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அதன் மடியில் ஒரு சின்னப் பெட்டி. படங்களைப் பார்த்து நல்ல இடமாகத் தேர்ந்தெடுத்து, வருகிற புதன்கிழமை பெட்டியை இறக்கப் போகிறார்கள் என்றாள் தம்பி மகள். எனக்கு அந்த வால் நட்சத்திரம் இரண்டு கருணைக்கிழங்கு ஒட்டிக்கொண்டு கிடப்பது போலத் தெரிந்தது.

"வால் நட்சத்திரம்னு சொல்லுத. வாலக் காணோமே?"

"பக்கத்துல போயிட்டாத் தெரியாது அத்தை. தூரத்துல இருந்து பார்த்தாத்தான் வால் தெரியும்."

"மனுசருக்கு நேர் எதிராவுல்ல இருக்கு. நம்ம சனத்துக்குப் பக்கத்துல போனாத்தான் வால் தெரியும்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். தம்பிக்குத்தான் பிடிக்கவில்லை. "கல்யாணம் பேசுத நேரத்துல அதப் பத்திப் பேசாதீய. வால் நட்சத்திரம் ராசாவுக்கே ஆகாதும்பாக."

"நாம ராசா இல்லையேப்பா" என்றாள் மகள். "அங்க இருந்து ஒரு சேதி வர அரை மணி நேரம் ஆகுதாம் அத்தை. நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸும் அம்புட்டு நேரந்தான்."

மாப்பிள்ளை வீடு செண்பகத்தோப்புக்குப் போகிற ரோட்டில் இருந்தது. தம்பியும் பங்காளிகள் இரண்டு பேரும் ஹாலில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசினார்கள். நான் காப்பியைக் குடித்தேன். கால் கழுவப் போகிற மாதிரி பின்பக்கம் போய், மாடிப்படியில் ஏறிவிட்டேன். அறுபத்தெட்டு வயதில் திருட்டுத்தனமாக நான் செய்த முதல் காரியம் அதுதான்.

மாடி பெரிசுதான். மாப்பிள்ளை சொன்னதில் பொய் இல்லை. மேற்கே மலை கைக்கு எட்டுகிற தூரத்தில் மேகத்தைப் போர்த்திக்கொண்டு நின்றது. ஆனால் கால் வைக்க இடமில்லை. மாப்பிள்ளை மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். எரிந்துபோன பம்புசெட் மோட்டார்கள், அதன் ஓடுகள், மூடிகள், துருப்பிடித்த இரும்புகள் எல்லாம் பாறை பாறையாகக் கிடந்தன. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் திரும்பிப் படம் எடுத்தேன். கடைசிப் படத்தில் ஒரு சேலை முந்தானை வந்து விழுந்தது. திரும்பினால் மாப்பிள்ளையின் தாயார், கையில் உளுந்தவடைத் தட்டோடு.

"இங்க என்ன மதினி செய்தீய? உங்களத் தேடிட்டு வாரேன்."

என்னவென்று சொல்வது? உங்கள் மகன் பேச்சை நம்பாமல் வேவு பார்க்க வந்தேன் என்றா? அந்த அம்மாள் பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வாய்க்குள் ஏதாவது இருந்தால் பேச வேண்டாமே என்று ஒரு வடையை எடுத்து முழுசாகப் போட்டுக்கொண்டேன்.

சூடான வடை. மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அந்த அம்மாளுடைய முகம் மலர்வதைப் பார்த்த பிறகுதான் நான் செய்த காரியம் எனக்கே உறைத்தது. அதற்குள் அவர் படியில் நின்று கீழே குரல் கொடுத்தாகிவிட்டது.

"ஏங்க, பொண்ணு வீட்டு மதினி கை நனைச்சிட்டாக. இலையப் போடச் சொல்லுங்க."

கீழே இறங்கி வந்தேன். தம்பி என்னைப் பார்த்த பார்வையில் ஆச்சரியமும் மரியாதையும் கலந்திருந்தன. "அக்காவே வீட்டச் சுத்திப் பாத்துக் கை நனைச்சாச்சு. பொறவு நமக்கென்ன" என்று இலையில் உட்கார்ந்தான். பங்காளிகள் இரண்டு பேரும் பாயசம் இரண்டு தடவை வாங்கினார்கள். நான் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தேன். "கூச்சப்படுதாக" என்று இன்னொரு வடையை வைத்தார் அந்த அம்மாள்.

அன்று சாயங்காலம் தம்பி மகள் படங்களைப் பார்த்தாள். பதினோரு படம். நாலில் என் கட்டைவிரல். மற்றதையெல்லாம் பேப்பரில் வந்த வால் நட்சத்திரப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியலையே அத்தை. இதுல நான் எங்க இறங்க?"

"பெரிய மாடிதான் தாயி. ஒதுக்கினா இடம் வரும்."

"ஒதுக்கித் தருவாங்களான்னு கேட்டீங்களா?"

"கேக்கல."

"பொறவு என்ன செஞ்சீங்க?"

"வடை தின்னேன்."

அவள் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினாள். போனைக் கீழே வைத்தாள். "நான் இன்னும் சரின்னு சொல்லலையே அத்தை" என்று மட்டும் சொன்னாள். பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவளை வளர்த்த இருபத்து நாலு வருஷத்தில் அப்படி நடந்ததில்லை. தம்பி காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு தை மாதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து டிவிக்கு முன்னால் உட்கார்ந்தவள், என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "அத்தை, வாங்க, இறங்கப் போகுது" என்றாள். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அப்புறம் இறங்கிவிட்டது என்று அங்கே வெள்ளைக்காரர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நாங்களும் கை தட்டினோம். எங்கள் சண்டை முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்த நாள்தான் விவரம் வந்தது. பெட்டி போய் விழுந்ததும் தரையைப் பற்றிக்கொள்ள முடியாமல் எம்பிக் குதித்திருக்கிறது. மறுபடியும் விழுந்து, மறுபடியும் எம்பி, கடைசியில் ஏதோ ஒரு பாறைச் சரிவின் அடியில் நிழலுக்குள் போய் ஒடுங்கிவிட்டது. வெயில் பட்டால்தான் அதற்கு உயிராம். அங்கே வெயில் சரியாக இல்லை.

அவள் பேப்பரை மடியில் விரித்து அதை எனக்குப் படித்துக் காட்டினாள்.

"அம்புட்டுப் படம் எடுத்தாங்க. அம்புட்டுப் படிச்சவங்க உக்காந்து இடம் பார்த்தாங்க. அப்படியும் பாருங்க அத்தை." பேப்பரை மடித்தாள். "படத்தை வச்சு நான் முடிவு பண்ண மாட்டேன். நானே போய்ப் பார்த்துட்டு வாரேன்."

தம்பி குதித்தான். "கை நனைச்ச பொறவு பொண்ணு போயி மாப்பிள்ள வீட்டு மாடியப் பாக்கதா? ஊரு சிரிக்கும். அக்கா, நீயே சொல்லு. பாத்துப் பிடிச்சுத்தான நீ சாப்பிட்ட?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அன்றைக்கு வாயில் போட்டுக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை.

"இல்லலே. அந்தம்மா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லக் கூச்சப்பட்டு வாயில போட்டேன். நான் என் வாய அடச்சதுக்கு இவ வாயையும் அடச்சிராத."

தம்பி காலண்டரைச் சுவரில் திரும்ப மாட்டினான். "அப்ப இத அவியட்ட யாரு சொல்லுவா? நீயே சொல்லு" என்று நம்பரை அழுத்தி என் காதில் போனை வைத்துவிட்டான். முன்பின் பழகாதவர்களிடம் நான் போனில் பேசியதே கிடையாது. வடை தின்ற காரணத்தில் ஆரம்பித்து, மோட்டார், நிலா, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

"அப்ப என் வடை நல்லா இருந்துச்சுன்னு நீங்க திங்கல" என்றார் அந்த அம்மாள்.

"உப்பு ஒரு கல்லு கூட மதினி."

அவர் சிரித்த சிரிப்பில் நான் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். "ஞாயித்துக்கிழம கூட்டிட்டு வாங்க. அந்த இரும்ப ஒதுக்குலேன்னு நானும் ஆறு வருசமாச் சொல்லுதேன். அவ வந்தாவது நடக்கட்டும்."

நிழலில் கிடந்த பெட்டி, பேட்டரி தீர்கிற வரைக்கும் இரண்டு நாளுக்கு மேல் வேலை பார்த்துச் சேதி அனுப்பிவிட்டுத்தான் தூங்கிப்போனதாம். அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் அவள் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்குள் உட்காரச் சொன்னார்கள். அவள் கும்பிட்டுவிட்டு, "முதல்ல மாடி" என்றாள். மாப்பிள்ளை முன்னால் போனார். நானும் அவர் தாயாரும் பின்னால் ஏறினோம். மாடி வெறிச்சென்று கழுவிக் கிடந்தது. மூன்றே நாளில் அவ்வளவையும் இறக்கியிருக்கிறார். நடுவில் மட்டும் ஒரு பெரிய மோட்டார், எருமைக்கன்று படுத்த மாதிரி.

மாப்பிள்ளை பிடரியைச் சொறிந்தார். "இது ஒண்ணு மட்டும் அசையல. அப்பா அந்தக் காலத்துல கப்பி கட்டி ஏத்தினது. அடுத்த வாரம் ஆள் வச்சு இறக்கிடுதேன்."

அவள் நாலு மூலைக்கும் நடந்து போய் நாலு திசையையும் பார்த்தாள். மலையைப் பார்த்தாள். அப்புறம் மோட்டாரிடம் வந்து இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. மேல்பக்கத்தை உள்ளங்கையால் தடவி, கண்மாய்க் கரையில் தொலைநோக்கியை வைக்க இடம் பார்க்கிற மாதிரி, மட்டமாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள்.

"இதை இறக்காதீங்க. இங்கேயே இருக்கட்டும். இதுமேல வச்சா ஆடாது" என்றாள்.

மாப்பிள்ளைக்கு விளங்கிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு மலையைப் பார்த்துச் சிரித்தார். அவர் தாயார் என் விலாவில் முழங்கையால் இடித்தார்.

"என்ன மதினி சொல்லுதா உங்க மருமவ? எத வைக்கப் போறாளாம்?"

"தேதியப் பாருங்க மதினி" என்றேன்.