சவரி கையில் இருந்த மீட்டர்

போன வாரம் வீட்டில் வைஃபை சரியாக வரவில்லை என்று என் மகள் செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்தாள். திரையில் சிக்னல் ஏறுவதையே பார்த்தபடி பால்கனிப் பக்கம் பின்னால் பின்னால் போனாள். நான் பாய்ந்து அவள் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். "என்னப்பா, கிரில்தான் போட்டிருக்கே" என்றாள். போட்டுத்தான் இருந்தது. அவளுக்குச் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூர் பிரேசர் டவுனில் ஒரு டி.வி. கடையில் எனக்கு வேலை. ஏரியல் மாட்டப் போவது நானும் சவரியும். இருவருக்கும் ஒரே வயது. தைரியம் மட்டும் அவனுக்கு. அவன் மாடியில் ஏரியலைத் திருப்புவான். நான் கீழே டி.வி. முன்னால், பெரும்பாலும் அந்த வீட்டுக் காபியோடு. "வந்துச்சாடா?" என்று மேலிருந்து கேட்பான். சர்ச்சில் பாடுகிறவன், தெருவே திரும்பிப் பார்க்கும். "இன்னும் கொஞ்சம் ஸ்டேஷன் பக்கம் திருப்பு" என்பேன். படம் தெளிந்ததும் வீட்டுக்காரர்களே "சாக்கு, சாக்கு" என்பார்கள். கன்னடத்துப் 'போதும்' அந்தத் தெருக்களில் எங்களுக்கும் தமிழாகியிருந்தது.

அப்போதுதான் முதலாளி பாய் ஒரு சிக்னல் மீட்டர் வாங்கி வந்தார். உள்ளங்கை அகலம், ரெக்சின் உறை, புது ரப்பர் வாசனை. ஏரியல் வயரைச் செருகினால் முள் ஏறி இறங்கும். உதவியதா என்றால், உதவியது. முக்கால் மணி நேர வேலை பத்து நிமிஷத்தில் முடிந்தது. ஆனால் முள் சிக்னலின் பலத்தைத்தான் காட்டும். பக்கத்துக் கட்டடத்தில் பட்டுத் திரும்பும் சிக்னலால் ஒவ்வொரு முகத்துக்கும் பக்கத்தில் இன்னொரு வெளிறிய முகம் விழுமே, அந்த நிழலைக் காட்டாது. அதற்குக் கீழே ஒரு ஆள் வேண்டும்.

இது எனக்குத் தெரியும். இருந்தும் பாய், "இனிமே ரெண்டு பேரு போகணுமா?" என்று கேட்டபோது, "ஒருத்தர் போதும் பாய்" என்றேன். கடையில் ஃபேனுக்கு அடியில் உட்கார ஆசை. "நான் போய்க்கிறேன், நீ காத்து வாங்கு" என்று சவரி சிரித்தான்.

இரண்டாவது வாரம் ஜீவனஹள்ளியில் ஒரு டீச்சர் வீடு. இரண்டு மாடி, மேலே கைப்பிடிச் சுவர் இல்லை. ஒரு கையில் ஏரியல், ஒரு கையில் மீட்டர். முள் ஏற ஏறப் பின்னால் நகர்ந்து, ஓரம் தாண்டிக் கீழே விழுந்திருக்கிறான். பட்டப்பகல். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான், கண் திறக்காமலே. அவன் அம்மா என் கையைப் பிடித்து, "நீ ஏம்ப்பா கூடப் போகல?" என்றார்கள். கோபமே இல்லாமல் கேட்டார்கள்.

பாதியில் நின்ற வேலையை முடிக்க நானே போனேன். மீட்டரை எடுத்துப் போகவில்லை. டீச்சரம்மா கீழே டி.வி. முன்னால் நின்றார். மாடி நடுவில் கம்பத்தை நட்டு, ஓரத்தைப் பார்க்காமல் திருப்பினேன். ஒருமுறைதான் அசைத்திருப்பேன். "நல்லா தெரியுதுப்பா, இறங்கி வா" என்று குரல் வந்தது. இறங்கிப் பார்த்தால், செய்தி வாசிக்கிற பெண்ணுக்கு இரண்டு முகம்.

"நிழல் இருக்கே டீச்சர். இன்னொரு தடவை ஏறிப் பாக்கறேன்."

அவர் வாசலை மறித்து நின்றுகொண்டார். "வேணாம்ப்பா. எனக்கு இது நல்லாதான் இருக்கு."

அதன் பிறகு பாய் யாரையும் தனியாக அனுப்பவில்லை. கொஞ்ச வருஷத்தில் வீட்டுக்கு வீடு கேபிள் வந்தது. ஏரியல்கள் காயலான் கடைக்குப் போயின. பின்னாலேயே எங்கள் கடையும் போயிற்று. சவரியின் அம்மா பொம்மனஹள்ளியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்க்கவில்லை.

டீச்சர் வீட்டையும் இடித்துவிட்டார்கள். அங்கே இப்போது ஐந்து மாடிக் கட்டடம். ஒருநாள் எதிரே நின்று, சவரி கடைசியாக நின்ற இடம் எதுவாக இருக்கும் என்று அண்ணாந்து பார்த்தேன். அந்த உயரத்தில் யாருடைய சமையலறையோ இருக்கிறது. ஜன்னலுக்குள் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.